பிழைதிருத்தம் மட்டும் போதாது: கல்லூரிகள் எழுத்தில் எதை முதலில் கற்பிக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில், முதல் கட்டுரை திரும்பக் கைக்கு வரும்போது அதிர்ச்சி அடையும் மாணவர்கள் பலர். தொடக்கக் கல்லூரியில் பொதுத்தாளில் நல்ல தேர்ச்சி பெற்றவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

கட்டுரையில் எழுத்துப்பிழை அதிகம் இருக்காது. முன்னுரை, மூன்று பத்திகள், முடிவுரை என எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஆனாலும் மதிப்பெண் குறைந்திருக்கும். ஓரத்தில் விரிவுரையாளர் கேட்டிருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு கேள்வியாக இருக்கும்: இவ்வளவும் எழுதி, நீங்கள் சொல்ல வருவது என்ன?

பல மாணவர்களுக்கு அது புதிய கேள்வி. எழுத்தில் தாங்கள் வல்லவர்கள் என்று நம்பியிருந்தவர்கள்கூட அதன் பிறகு தயங்கித் தயங்கி எழுதத் தொடங்குகின்றனர். சிலர் எழுத்து வேலை குறைவாக உள்ள பாடங்களைத் தேடிப் போகின்றனர்.

கல்லூரிகள் எழுத்தைக் கற்பிக்கும்போது எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் விவாதம். இலக்கணத்துக்கா, வடிவத்துக்கா, சிந்தனைக்கா? கடந்த 60 ஆண்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. எழுதியதை ஒரு வாசகரின் கேள்விகளோடு மீண்டும் எழுதப் பழக்குவதுதான் முதல் வேலை. பிழைதிருத்தம் அந்த வேலையின் கடைசிக் கட்டம்.

தேர்வு எழுத்தும் கல்லூரி எழுத்தும்

சிங்கப்பூரின் ‘ஏ’ நிலைப் பொதுத்தாளில் கட்டுரைக்கு ஒன்றரை மணி நேரம் உண்டு. அதற்குள் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, திட்டமிட்டு, எழுதி முடிக்க வேண்டும். எழுதியதை முழுவதுமாக மாற்றி எழுத நேரம் இருக்காது. முதலில் எழுதுவதே கடைசியாக எழுதுவதும்.

இப்படிப்பட்ட தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஒரு சட்டகத்தைக் கொடுப்பது இயல்பு. ‘பீல்’ என்று நம் மாணவர்கள் அறிந்த முறை அப்படிப்பட்டதுதான். ஒரு கருத்து, அதற்கு ஒரு சான்று, ஒரு விளக்கம், மீண்டும் தலைப்போடு ஓர் இணைப்பு என ஒவ்வொரு பத்தியும் அமைய வேண்டும் என்கிறது அது.

தமிழ்ப் பாடத்திலும் இதே நிலைதான். மாதிரிக் கட்டுரைகளை வாசிப்பது, மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர் ஆகியவற்றை மனப்பாடம் செய்து பொருத்தமான இடத்தில் சேர்ப்பது எனப் பயிற்சி தொடர்கிறது.

இவற்றைக் குறை சொல்வது எளிது. ஆனால், எழுதத் தெரியாமல் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தச் சட்டகங்கள் உண்மையிலேயே உதவுகின்றன. நடை பழகும் குழந்தைக்கு நடைவண்டி கொடுப்பதைப் போன்றது இது. நடக்கக் கற்ற பிறகும் வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால்தான் சிக்கல்.

கல்லூரி எழுத்தில் நிலைமை மாறுகிறது. விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகள் அங்குக் குறைவு. படித்தவற்றை ஒப்பிட்டு, முரண்பாடுகளைக் கண்டு, தனக்கென ஒரு நிலைப்பாட்டை மாணவர் உருவாக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் அது முடியாது. முதல் வரைவிலும் பெரும்பாலும் அது கிடைக்காது.

பிழை தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1874ஆம் ஆண்டு தன் நுழைவுத் தேர்வில் ஒரு சிறு ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி, இலக்கணம், சொல்நடை ஆகியவை அதில் கவனிக்கப்பட்டன. மாணவர்களின் எழுத்துத்தரம் ஆசிரியர்களுக்குத் திருப்தி அளிக்கவில்லை. அதைச் சரிசெய்ய, முதலாமாண்டு மாணவர்களுக்கெனக் கட்டாய எழுத்து வகுப்பு உருவானது. நாளடைவில் மற்றப் பல்கலைக்கழகங்களும் அதைப் பின்பற்றின.

குறைபாட்டைச் சரிசெய்யத் தோன்றிய வகுப்பு என்பதால், பிழையைக் கண்டுபிடித்துக் குறியிடுவதே அதன் முக்கிய வேலையானது. சிவப்பு மை பிடித்த ஆசிரியர் என்ற தோற்றமும் அந்தக் காலத்திலிருந்து தொடர்கிறது.

அந்த முறையால் எழுத்து மேம்பட்டதா என்று ஆய்வாளர்கள் பிற்காலத்தில் சோதித்துப் பார்த்தனர். ரிச்சர்ட் பிராடக்கும் அவருடைய இரு சகாக்களும் 1963ஆம் ஆண்டு அமெரிக்க ஆங்கில ஆசிரியர் மன்றத்துக்காக ஓர் அறிக்கை தயாரித்தனர். இலக்கண விதிகளைத் தனிப்பாடமாக நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை என்றும் எழுதிப் பழகும் நேரத்தை அது எடுத்துக்கொள்வதால் பாதிப்புகூட ஏற்படலாம் என்றும் அந்த அறிக்கை கூறியது.

ஜார்ஜ் ஹில்லாக்ஸ் 1986ஆம் ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே முடிவுதான் கிடைத்தது. தனி இலக்கணப் பாடத்தால் எழுத்தின் தரம் உயரவில்லை. தகவல்களைத் திரட்டி, ஆராய்ந்து, ஒரு முடிவுக்கு வரப் பழக்கிய வகுப்புகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

நான்காயிரம் கட்டுரைகள் காட்டியது

இந்த விவாதத்தில் மீனா ஷாநெசி என்ற ஆசிரியரின் பங்கு முக்கியமானது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அதுவரை கல்லூரியை எட்டிப் பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்துசேர்ந்தனர். ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொள்ளாதவர்களும் அவர்களில் இருந்தனர்.

அவர்களின் கட்டுரைகளில் பிழைகள் மலிந்திருந்தன. கல்லூரிக்கு அவர்கள் தகுதியற்றவர்கள் என்று சிலர் முடிவு கட்டினர். ஷாநெசி அப்படி நினைக்கவில்லை. ஏறக்குறைய 4,000 கட்டுரைகளை அவர் பொறுமையாக ஆராய்ந்தார். 1977ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் தாம் கண்டவற்றை எழுதினார்.

பிழைகள் தாறுமாறாக வரவில்லை என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு மாணவரும் ஒரு தர்க்கத்தைப் பின்பற்றியே பிழை செய்தார். தெரிந்த ஒரு விதியைத் தேவையில்லாத இடத்திலும் பயன்படுத்தினார். அல்லது பேச்சுவழக்கை எழுத்தில் கொண்டுவந்தார். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், நூறு இடங்களில் வட்டமிட வேண்டிய தேவை இல்லை. ஓரிடத்தில் விளக்கினால் போதும்.

இரண்டாவது கண்டுபிடிப்பு, ஆசிரியர்களைச் சங்கடப்படுத்தக்கூடியது. பிழை வந்துவிடுமோ என்ற அச்சம் மாணவரின் சிந்தனையையே சுருக்கிவிடுகிறது. எழுத்துக்கூட்டல் உறுதியாகத் தெரிந்த சொல்லை மட்டும் அவர் எடுக்கிறார். சிக்கலான கருத்துக்கு நீண்ட வாக்கியம் தேவைப்படும். அதில் தவறு நேரக்கூடும் என்பதால் கருத்தையே கைவிடுகிறார்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. ஒற்று மிகுமா மிகாதா, லகரமா ளகரமா என்ற பயத்தில், தமிழில் நான்கு வரிக்கு மேல் எழுத மறுக்கும் இளையர்கள் நம் வீடுகளிலேயே உள்ளனர். அவர்களிடம் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை.

‘திருத்துதல்’ என்ற சொல்லுக்கு இரு பொருள்

நிலத்தைத் திருத்துவது என்றால், காடாகக் கிடந்ததை வெட்டிச் சமப்படுத்தி, பயிர் செய்ய ஏற்றதாக மாற்றுவது. விடைத்தாளைத் திருத்துவது என்றால், தவறுகளைக் குறித்து மதிப்பெண் போடுவது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். மாணவரிடம் ‘கட்டுரையைத் திருத்திக் கொண்டு வா’ என்றால் அவர் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்கிறார்.

நான்சி சோமர்ஸ் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதலாமாண்டு மாணவர்கள் 20 பேரையும் செய்தியாளர், பதிப்பாசிரியர், கல்வியாளர் போன்ற அனுபவமுள்ள எழுத்தாளர்கள் 20 பேரையும் அவர் ஒப்பிட்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரைகளை எழுதி, ஒவ்வொன்றையும் இரு முறை திருத்தி எழுதினர்.

மாணவர்கள் சொற்களை மாற்றினர். ஒரே சொல் இரு முறை வந்தால் அதற்கு மாற்றுச்சொல் தேடினர். கட்டுரையின் அடிப்படைக் கருத்தை அவர்கள் தொடவில்லை.

அனுபவமுள்ளவர்கள் வேறுவிதமாக நடந்துகொண்டனர். முதல் வரைவை எழுதி முடித்த பிறகுதான் தாங்கள் சொல்ல விரும்புவது என்ன என்று தேடத் தொடங்கினர். பத்திகளைத் தூக்கினர், இடம் மாற்றினர், புதிதாகச் சேர்த்தனர். படிப்பவர் இந்த இடத்தில் என்ன கேட்பார் என்று யோசித்தனர். சொற்களைச் செப்பனிடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டனர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆசிரியர்களின் குறிப்புகளையும் சோமர்ஸ் ஆராய்ந்தார். பல குறிப்புகளை எந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்து எந்தக் கட்டுரையிலும் ஒட்டிவிடலாம். அவ்வளவு பொதுவாக அவை இருந்தன. ஒரே பத்தியில் ‘நிறுத்தற்குறியைச் சரிசெய்’ என்றும் ‘இந்தப் பத்தியை விரிவாக்கு’ என்றும் சேர்த்து எழுதினால், மாணவர் எதைச் செய்வார்? எளிதானதைச் செய்வார்.

ஓர் எடுத்துக்காட்டு

‘சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் அடுத்த தலைமுறைக்கும் நிலைக்குமா?’ என்ற தலைப்பில் ஒரு மாணவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கலாம்:

‘உணவங்காடி நிலையங்கள் சிங்கப்பூரின் அடையாளம். அங்குப் பல இன மக்கள் ஒன்றாக அமர்ந்து உண்கிறது. 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதைத் தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், இளையர்கள் இத்தொழிலுக்கு வரத் தயங்குகின்றனர். எனவே, அரசாங்கமும் மக்களும் சேர்ந்து இதைக் காக்க வேண்டும்.’

பிழை தேடும் ஆசிரியர் ‘மக்கள் உண்கிறது’ என்பதை வட்டமிடுவார். ‘உண்கின்றனர்’ என மாற்றினால் பத்தி பிழையற்றதாகிவிடும். ஆயினும், படிப்பவருக்கு அதிலிருந்து புதிதாக எதுவும் கிடைக்காது.

வாசகராக இருந்து படிக்கும் ஆசிரியர் வேறு கேள்விகளை எழுப்புவார். இளையர்கள் ஏன் தயங்குகின்றனர்? உணவு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் யார்? ‘காக்க வேண்டும்’ என்றால் யார், எதைச் செய்ய வேண்டும்?

அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு மாணவர் மீண்டும் எழுதினால், இரண்டாம் வரைவு இப்படி வரலாம்:

‘உணவங்காடி உணவை நாம் விரும்புவதற்கு ஒரு முக்கியக் காரணம் அதன் மலிவு. இளையர்கள் அத்தொழிலுக்கு வரத் தயங்குவதற்கும் அந்த மலிவே காரணமாக இருக்கலாம். விடியுமுன் எழுந்து, அடுப்புச் சூட்டில் நாள் முழுதும் நிற்பவருக்குக் கையில் மிஞ்சுவது குறைவு என்றால், அலுவலக வேலையே மேல் என்று தோன்றுவது இயல்பு. உணவங்காடிக் கலாசாரத்தைக் காப்பது பற்றிப் பேசுமுன், ஒரு தட்டு உணவுக்குக் கூடுதல் விலை கொடுக்க நாம் தயாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.’

இப்போது கட்டுரைக்கு ஒரு நிலைப்பாடு கிடைத்துவிட்டது. அதை ஏற்பவர்களும் இருப்பார்கள், மறுப்பவர்களும் இருப்பார்கள். மலிவு உண்மையிலேயே காரணமா, அல்லது வாடகையா, வேலை நேரமா என்று சரிபார்க்க வேண்டிய பொறுப்பும் மாணவருக்கு வந்துவிட்டது. அவர் தேக்கா சந்தைக்குச் சென்று நான்கு கடைக்காரர்களிடம் பேசலாம், நூலகத்தில் தேடலாம். மூன்றாம் வரைவு அதிலிருந்து பிறக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். முதல் வரைவில் பிழை இருந்த வாக்கியமே இரண்டாம் வரைவில் இல்லை. நீக்கப்படப்போகும் வாக்கியத்தைத் திருத்துவதில் ஆசிரியர் நேரத்தைச் செலவிட்டிருந்தால், அது வீண்.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள்

சிந்தனைக்கு முதலிடம் தருவது மேல்நாட்டிலிருந்து வந்த புதிய கருத்து என்று நினைக்கத் தேவையில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், அதன் பாயிரப் பகுதியில் ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்தைச் சொல்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலிலும் இப்படியொரு பட்டியல் உண்டு.

நன்னூலின் பத்தில், பிழையான சொல்லைப் பயன்படுத்துவது ஒரே ஒரு குற்றம். ‘வழூஉச்சொல் புணர்த்தல்’ என்பது அதன் பெயர். மற்றவை பெரும்பாலும் சிந்தனை, அளவு, ஒழுங்கு ஆகியவை பற்றியவை.

சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது குற்றம். தேவைக்கு மேல் சொல்வதும் குற்றம். சொன்னதையே மீண்டும் சொல்வது ‘கூறியது கூறல்’. முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது ‘மாறுகொளக் கூறல்’. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது ‘மற்றொன்று விரித்தல்’. வலுவாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. இவ்வளவு சொற்கள் இருந்தும் பயன் இல்லாமல் போவதும் ஒரு குற்றமே.

முதலாமாண்டு மாணவரின் கட்டுரையை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான பட்டியலைக் கண்டுபிடிப்பது கடினம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டக்கல்வி பயில்பவர்களும் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர் பயிற்சி பெறுபவர்களும் நன்னூலை அறிவார்கள். எழுத்ததிகாரத்தையும் சொல்லதிகாரத்தையும் வகுப்பில் பயன்படுத்துவதுபோல், பாயிரத்தையும் எழுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். ஒரு மாணவரின் வரைவை இன்னொரு மாணவர் படித்து, இந்தப் பத்தில் எது எங்கே உள்ளது என்று குறித்தாலே போதும். நல்ல பயிற்சியாக அமையும்.

அப்படியானால் இலக்கணம் வேண்டாமா?

வேண்டும். வேலை விண்ணப்பத்தில் இரண்டு பிழைகள் இருந்தால், சிந்தனை எவ்வளவு சிறந்தது என்று பார்க்க யாரும் காத்திருப்பதில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் லீசா டெல்பிட் 1988ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இந்த எச்சரிக்கையை முன்வைத்தார். ‘கருத்துதான் முக்கியம், விதிகள் தாமாக வந்துவிடும்’ என்ற அணுகுமுறை, வீட்டிலேயே அந்த விதிகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் சாதகமானது என்றார் அவர். மற்றப் பிள்ளைகளுக்கு அவற்றை வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராமல் விடுவது அவர்களைக் கைவிடுவதற்குச் சமம்.

ஆகவே, இலக்கணத்தை எப்போது, எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் கவனம் தேவை. கருத்து நிலைபெற்ற பிறகு, மாணவர் தாமே எழுதிய வாக்கியங்களை வைத்து விளக்கினால் அது மனத்தில் தங்கும்.

ஹில்லாக்சின் தொகுப்பாய்வில் பலன் தெரிந்த ஒரு முறை, வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி. ‘மழை பெய்தது, போட்டி நடந்தது’ என்ற இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம். ‘மழை பெய்தும் போட்டி நடந்தது’ என்றால் ஒரு பொருள். ‘போட்டி நடந்தபோது மழை பெய்தது’ என்றால் வேறொரு பொருள். ‘மழை பெய்ததால் போட்டி நடந்தது’ என்று எழுதினால், படிப்பவர் நின்று ‘அது எப்படி?’ என்று கேட்பார். இலக்கணமும் சிந்தனையும் ஒரே இடத்தில் சந்திப்பதை மாணவர் அங்கே காண்கிறார்.

பிழைகளை வட்டமிட்டுக் கொடுப்பதால் பயன் உண்டா என்பதிலும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இரண்டாம் மொழியில் எழுதுவோருக்கு அதனால் பயன் இல்லை என்று ஜான் டிரஸ்காட் 1996ஆம் ஆண்டு வாதிட்டார். டானா ஃபெரிஸ் போன்றோர் அதை மறுத்தனர். எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் குறிக்காமல், அடிக்கடி வரும் ஓரிரு வகைகளை மட்டும் எடுத்துக்கொள்வதைப் பல ஆசிரியர்கள் நடைமுறையில் கையாள்கின்றனர்.

விதிக்குப் பின்னால் உள்ள காரணம்

கல்லூரி எழுத்துக்கெனச் சில மரபுகள் உண்டு. முன்னோர் எழுதியதைக் குறிப்பிட வேண்டும். மேற்கோளுக்கு மூலம் காட்ட வேண்டும். நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இவற்றைக் கட்டளைகளாக மட்டும் சொன்னால், மாணவர் இயந்திரத்தனமாகப் பின்பற்றுவார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா இது குறித்து விரிவாக எழுதியுள்ளார். போர்க் காலத்தில் யாழ்ப்பாணக் கல்வியாளர்கள் காகிதத் தட்டுப்பாடு, மின்வெட்டு, புதிய ஆய்விதழ்கள் வந்துசேராத நிலை ஆகியவற்றுக்கு இடையே ஆய்வு செய்ததை 2002ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் அவர் விவரித்தார். அவர்களிடம் அறிவு இருந்தது. மேல்நாட்டு ஆய்விதழ்கள் எதிர்பார்த்த வடிவமும் மேற்கோள் முறையும் அவர்களுக்குத் தடையாயின.

எழுத்து மரபுகள் ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு தேவைக்காகத் தோன்றியவை என்பதை மாணவர் அறிய வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். மூலம் காட்டுவது ஏன்? படிப்பவர் தாமே சென்று சரிபார்க்க முடிய வேண்டும் என்பதற்காக. காரணம் தெரிந்த மாணவர் மரபைச் சரியாகப் பயன்படுத்துவார். தேவைப்படும் இடத்தில் அதைக் கேள்வி கேட்கவும் செய்வார்.

நேரம் எங்கே?

திருத்தி எழுதப் பழக்குவதில் உள்ள பெரிய தடை ஆசிரியரின் நேரம். ஒரு வகுப்பில் 20 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு வரைவுகள், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்று கணக்கிட்டாலே 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அது ஒரே ஒரு கட்டுரைக்கு. நூறு பேர் அமரும் விரிவுரையில் இது சாத்தியமில்லை.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள் இதை உணர்ந்தே எழுத்துக்கெனத் தனிப் பாடங்களை அமைத்துள்ளன. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் ‘எழுத்தும் தர்க்கமும்’ என்ற பொருளிலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ‘ஆராய்தலும் தொடர்பாடலும்’ என்ற பொருளிலும் பாடங்கள் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ‘கருத்துகளும் விளக்கமும்’ என்ற பொருளில் பாடங்களை நடத்திவந்துள்ளது. எழுத்தோடு சிந்தனையையும் சேர்த்தே இவை பெயரிடப்பட்டுள்ளன.

தனிப்பாடம் மட்டும் போதாது. முதலாமாண்டில் ஒரு முறை கற்ற பழக்கம், மற்றப் பாடங்களில் யாரும் கேட்காவிட்டால் மறந்துபோகும். வரலாறு, பொறியியல், தாதிமை என எந்தத் துறையாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது இரண்டு வரைவுகளாகக் கேட்கப்பட வேண்டும்.

முதல் வரைவுக்கு மதிப்பெண் தேவையில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் எழுதித் தரலாம். அல்லது மாணவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசலாம். நேரில் கேட்கும் ஒரு கேள்வி, ஓரத்தில் எழுதும் பத்துக் குறிப்புகளைவிட வேகமாகப் போய்ச் சேரும்.

இயந்திரம் எழுதும் காலத்தில்

‘சாட்ஜிபிடி’ 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த பிறகு இந்த விவாதம் அவசரமாகிவிட்டது. பிழையில்லாத, வடிவம் கெடாத ஒரு கட்டுரையைச் சில விநாடிகளில் அது தருகிறது. பிழையின்மைக்கும் வடிவத்துக்கும் மட்டுமே மதிப்பெண் தரும் கல்லூரி, இயந்திரத்துக்கு மதிப்பெண் தந்துகொண்டிருக்கும்.

கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் முழு நம்பகமானவை அல்ல. செய்யாத மாணவர்மீது பழி விழும் அபாயமும் உண்டு. எழுதிய வழியைப் பார்ப்பது அதைவிட நியாயமானது. குறிப்புகள், முதல் வரைவு, அதன்மீது எழுந்த கேள்விகள், மாற்றியதற்கான காரணம் ஆகியவற்றையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லலாம். ‘இந்தப் பத்தியை ஏன் நீக்கினீர்கள்?’ என்ற கேள்விக்கு, தாமே எழுதியவரால் பதில் சொல்ல முடியும்.

மாணவர்களும் பெற்றோரும் செய்யக்கூடியவை

கல்லூரி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே தொடங்கக்கூடிய சில பழக்கங்கள் உள்ளன.

- கட்டுரையை ஒப்படைக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக முதல் வரைவை முடித்துவிட வேண்டும். ஒரு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்து மீண்டும் படித்தால், குறைகள் தாமே கண்ணில் படும்.

- எழுதி முடித்ததும், கட்டுரை சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால், நிலைப்பாடு இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்.

- ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அது செய்யும் வேலையை இரண்டு மூன்று சொற்களில் குறிக்கலாம். ஒரே வேலையை இரு பத்திகள் செய்தால் ஒன்று போதும்.

- வீட்டில் ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டலாம். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியமும் தடுக்கும்.

- கேட்கும் பெற்றோருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; ஆங்கிலமோ எழுத்துத்தமிழோ சரளமாக வர வேண்டியதும் இல்லை. ‘இது ஏன் அப்படி?’, ‘இதை நீ எப்படிச் சொல்கிறாய்?’, ‘வேறு யாராவது மறுத்தால்?’ என்று கேட்டால் போதும்.

- எழுத்துக்கூட்டலையும் ஒற்றையும் நிறுத்தற்குறியையும் கடைசி நாளில், தனியாக ஒரு முறை சரிபார்க்கலாம்.

இரவு உணவு மேசையில் தாத்தாவோ பாட்டியோ ஒரு கதையை நிறுத்தி ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்க வைப்பதில் வல்லவர்கள். அவர்களிடம் தன் கட்டுரையைப் படித்துக் காட்டும் மாணவர், அவர்கள் எந்த இடத்தில் கேள்வி கேட்கிறார்கள், எந்த இடத்தில் கவனம் சிதறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளலாம். அடுத்த வரைவில் முதலில் தொட வேண்டிய இடங்கள் அவை.